புதுக்கடைக்குப் படிக்கப் போன பிள்ளைகள்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு ஒரு கோல் வந்தது. சில வருடங்களுக்கு முன் உயர்தரத்தில் என்னிடம் வரலாறு படித்த பிள்ளை. இப்போது கொழும்பில் சட்டக் கல்லூரியில் முதலாம் வருடம். நுழைவுப் பரீட்சையில் அவள் தெரிவானபோது பாடசாலை மதிலில் நாங்கள் பெனர் கட்டினோம். இந்தப் பக்கத்திலும் நான் எழுதினேன், இருநூறு பேருக்கு மேல் "மாஷா அல்லாஹ்" போட்டீர்கள்.

"சேர், நான் படிப்ப விட்டுட்டு ஊருக்கு வந்துட்டா என்ன?" என்று கேட்டாள்.

என்ன நடந்தது என்று விசாரித்தேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அன்றாட வாழ்க்கைதான் நடந்திருக்கிறது. போர்டிங்கில் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு குளியலறை. சுபஹுக்கு முன்னரே எழும்பினால்தான் முறை கிடைக்கும். வெள்ளை உடுப்பை அயர்ன் பண்ணிக்கொண்டு பஸ் பிடித்து ஓட வேண்டும். பின்னேரம் நூலகத்தில் ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றை அகராதியோடு வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். "பதினொரு பக்கம் சேர். எனக்கு ரெண்டு நாள் போகுது. பக்கத்தில இருக்கிற பிள்ளை ஒரு மணித்தியாலத்தில மூடி வெச்சிட்டுப் போகுது" என்றாள். இரவுக்கு ஒரு சோற்றுப் பார்சலை இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். இதற்கிடையில் வீட்டுக்காரர் மாத முடிவில் அறையைத் தரும்படி சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு நேராகப் பதில் இல்லை. அவளுடைய அபாயாவைப் பார்த்துவிட்டு அயலவர்கள் ஏதோ கதைத்தார்களாம்.

"பொறுமையா இரு மகள், எல்லாம் ஹைராக முடியும்" என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. மதிலில் பெனர் கட்டுவதும் பொறுமையாக இரு என்று சொல்வதும் செலவில்லாத வேலைகள். எனக்குச் சட்டம் தெரியாது. தெரிந்தது கொஞ்சம் வரலாறு. அதனால் அவளுக்கு முன் அந்த இடத்துக்குப் படிக்கப் போனவர்களின் நாட்கள் எப்படி இருந்தன என்று எழுதி அவளுக்கு அனுப்பினேன். அவளுடைய அனுமதியோடு அதையே கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. நாம் புதுக்கடை என்று சொல்கிறோம். சிங்களத்தில் அளுத்கடே. ஆங்கிலத்தில் ஹல்ஃப்ட்ஸ்டோர்ப். 1655-56 காலத்தில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது அவர்களுடைய தளபதியாக இருந்தவர் ஜெரார்ட் ஹல்ஃப்ட். கோட்டை விழுவதைப் பார்க்காமலேயே 1656இல் அந்த முற்றுகையில் இறந்தார். அவருடைய பெயரில் "ஹல்ஃப்டின் கிராமம்" ஆன மேட்டுநிலம்தான் இன்று நீதிமன்றங்களின் ஊர். நம்மில் பலர் காணி வழக்குக்காக ஒரு தடவையாவது அந்தப் படிகளில் ஏறியிருப்போம்.

சட்டக் கல்லூரி வருவதற்கு முன்பே சட்ட மாணவர்கள் இருந்தார்கள். கட்டடம்தான் இருக்கவில்லை. சட்டம் படிப்பது என்றால் ஒரு மூத்த புரொக்டரின் கந்தோருக்குப் போய் அவருக்குக் கீழ் இருந்து வேலை பழகுவது. நம் பெரியவர்கள் "பிறக்கிராசி" என்றும் "அப்புக்காத்து" என்றும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிறக்கிராசி என்பவர் புரொக்டர். கட்சிக்காரரோடு கதைத்து, பத்திரங்களைத் தயாரித்து, வழக்கைக் கட்டி எழுப்புபவர். அப்புக்காத்து என்பவர் அத்வகாத். மேல் மன்றங்களில் எழுந்து நின்று வாதாடுபவர்.

கந்தோரில் பழகும் பிள்ளையின் நாள் பெரும்பாலும் பார்த்து எழுதுவதிலேயே போகும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு, காணி விற்பதென்றால் நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்தில் கைச்சாத்திட வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. ஆகவே உறுதிகள் பெருகின. தட்டச்சு இயந்திரம் இல்லாத காலம். ஒவ்வொரு உறுதிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளைக் கையால்தான் எழுத வேண்டும். வடக்கே யாருடைய வளவு, கிழக்கே எந்த வாய்க்கால் என்று எல்லைகளை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். அதுவும் தன் தாய்மொழியில் இல்லாத வசனங்களில். ஓர் எல்லையை மாற்றி எழுதினால் இரண்டு தலைமுறை நீதிமன்றம் ஏறும். இன்றும் நம் ஊரில் நடக்கும் வழக்குகளில் பாதி அப்படிப்பட்டவைதானே.

அந்தக் காலத்துப் பிள்ளைதான் நம் அறிஞர் எம்.சி. சித்திலெப்பை. 1838இல் கண்டியில் பிறந்தவர். "முஸ்லிம் நேசன்" பத்திரிகையை 1882இல் தொடங்கியவர் என்றும், "அசன்பே சரித்திரம்" எழுதியவர் என்றும், கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் என்றும் பாடத்தில் படிப்பிக்கிறோம். அதற்கெல்லாம் முன்னால் அவர் ஒரு சட்ட மாணவர். 1862இல் புரொக்டர் ஆனார். அவருடைய தந்தையும் புரொக்டரே. இலங்கை முஸ்லிம்களில் முதலாவது புரொக்டர் என்று நம் நூல்கள் அவரைச் சொல்கின்றன.

இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலம் படித்தால் மதம் மாறிவிடுவார்கள் என்று பயந்து நம் சமூகம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் இருந்த காலம் அது. அந்தப் பயத்துக்கு நியாயமும் இருந்தது, பாடசாலைகளில் பல மிஷனரிகளின் கையில்தான் இருந்தன. அந்தக் காலத்தில் சித்திலெப்பைக்கு வீட்டிலேயே வழி தெரிந்த ஒரு வாப்பா இருந்தார். எந்தக் கந்தோர், எந்தப் புத்தகம், எந்த மொழி என்று சொல்லித்தர ஆள் இருந்தது. அப்படி ஒரு வாப்பா இல்லாத பிள்ளை என்ன செய்திருக்கும்? அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பின்னாளில் அவர் சட்டத் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாடசாலைகளின் பின்னால் அலைந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1874இல் சட்டக் கல்விச் சபை அமைக்கப்பட்டது. இலங்கைச் சட்டக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். புதுக்கடையில் இன்று இருக்கும் கட்டடம் 1911இல் திறக்கப்பட்டது. இனிமேல் சட்டம் என்பது வகுப்பு, விரிவுரை, பரீட்சை என்றானது. ஆனாலும் ஏணிகள் இரண்டாகவே இருந்தன. புரொக்டராவதற்கு ஒன்று, அத்வகாத்தாவதற்கு இன்னொன்று. வசதியுள்ளவர்களுக்கு மூன்றாவதாக ஓர் ஏணி இருந்தது. அது லண்டனுக்குப் போய் பாரிஸ்டராகி வருவது.

லண்டன் படிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. பரீட்சையில் சித்தியடைந்தால் மட்டும் போதாது. மாணவன் சேர்ந்திருக்கும் "இன்" என்ற சட்டச் சங்கத்தின் மண்டபத்தில் குறிப்பிட்ட தடவைகள் இராச் சாப்பாட்டுக்குச் சமூகமளித்திருக்க வேண்டும். அப்போதுதான் தவணை கணக்கில் சேரும். நான்கு நான்கு பேராக உட்கார வேண்டும். நால்வருக்கும் சேர்த்து மது போத்தல் வைக்கப்படும். காந்தி 1888 முதல் 1891 வரை இன்னர் டெம்பிளில் படித்தவர். அவர் குடிக்காதவர் என்பதால் அவருடைய பங்கும் தங்களுக்குக் கிடைக்கும் என்று ஒவ்வொரு மேசைக்காரரும் அவரைத் தம்மோடு இருத்திக்கொள்ளப் போட்டி போட்டார்களாம். அவரே தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். சேர் பொன்னம்பலம் அருணாசலம், எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க என்று நம் நாட்டிலிருந்து போனவர்களும் இந்தச் சாப்பாட்டுக் கணக்கை முடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்கள். சட்டத்தோடு சேர்த்து, அந்த மேசையில் எப்படி உட்காருவது என்பதையும் படிக்க வேண்டியிருந்தது.

என் மாணவியிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். பிறகு, "இப்பவும் அப்பிடித்தான் சேர். எல்லாருக்கும் ஏற்கனவே தெரிஞ்ச ஒண்டு எனக்கு மட்டும் தெரியாத மாதிரி இருக்கும்" என்றாள்.

அடுத்தது உடுப்பு. 1905ஆம் ஆண்டு. எம்.சி. அப்துல் காதர் என்ற நம் சமூகத்து அத்வகாத் துருக்கித் தொப்பி அணிந்தபடி உயர் நீதிமன்றத்தில் நின்றார். ஆங்கிலேய வழக்கப்படி மன்றத்தில் தலை திறந்திருக்க வேண்டும் என்று பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் லேயார்ட் ஆட்சேபித்தார். அந்தத் தொப்பி நம்மிடையே பரவக் காரணமாக இருந்தவர் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்த ஒராபி பாஷா. ஆகவே அது துணி மட்டுமல்ல. படித்த முஸ்லிம் என்பதற்கு அந்தக் காலத்தில் அதுவே அடையாளம்.

1905 டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது. கரீம்ஜீ ஜஃபர்ஜீ, ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றவர்கள் முன்னின்றார்கள். பம்பாயிலிருந்து மௌலவி ரஃபியுத்தீன் அஹ்மத் வரவழைக்கப்பட்டார், அவரும் சட்டம் படித்தவரே. மனுக்கள் எழுதப்பட்டன, கடைசியில் தொப்பியோடு தோன்ற அனுமதி கிடைத்தது.

இந்தச் சம்பவத்தை நாம் வெற்றிக் கதையாகவே சொல்லி வருகிறோம். நான் இந்தத் தடவை வேறொரு பக்கத்தைப் பார்த்தேன். ஒரு மனிதன் தன் தொழிலைச் செய்யப் போன இடத்தில் "நீ இங்கே இருக்க முடியுமா" என்ற கேள்வி அவனுடைய அறிவைப் பார்த்து வரவில்லை, தலையைப் பார்த்து வந்தது. அன்று அவன் தனியாக இருக்கவில்லை. மருதானையில் ஊரே கூடியது. இன்று ஒரு பிள்ளையின் அபாயாவைப் பார்த்து அறை இல்லை என்கிறார்கள். அவளுக்காக யார் கூடினோம்? அவள் மனு எழுதச் சொல்லவில்லை. இரவில் படுத்துறங்க ஒரு கட்டில்தான் கேட்கிறாள்.

அடுத்தது மொழி. நீண்ட காலம் சட்டக் கல்வி முழுக்க ஆங்கிலத்திலேயே நடந்தது. 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை தொடங்கியபோதும் அப்படித்தான். சிங்களமும் தமிழும் பிறகுதான் வந்தன. அதற்குள் தொழிலும் மாறியது. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் பிறக்கிராசியையும் அப்புக்காத்தையும் ஒன்றாக்கி, 1974 முதல் எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கியது. தமிழில் பரீட்சை எழுதக் கிடைத்ததால்தான் கிழக்கிலிருந்தும் மன்னாரிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் நம் பிள்ளைகள் பலர் அந்தப் படியேறினார்கள். கருங்கொடி கட்டிப் பிடித்த உரிமை அல்ல, ஆனால் இழந்தால் பெரிய இழப்பு.

2020இன் கடைசியில் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான விதிகள் வர்த்தமானியில் வந்தன. மாணவர்கள் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அந்த விதிகளைத் தோற்கடித்தது. நாமும் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் ஓர் ஆசிரியனாக இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். விடையைத் தமிழில் எழுதலாம் என்பது ஒன்று. படிக்க வேண்டிய தீர்ப்புகள் எந்த மொழியில் இருக்கின்றன என்பது வேறொன்று. நூறு வருடத்துக்கும் மேலாகத் தொகுக்கப்பட்ட நியூ லோ ரிப்போர்ட்ஸ் போன்ற தீர்ப்புத் தொகுதிகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பதினொரு பக்கத்தைத்தான் என் பிள்ளை இரண்டு நாள் வாசிக்கிறாள். அவளிடம் "தமிழ் மொழிமூலம்தானே, பயப்படாதே" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். தமிழில் எழுதும் உரிமைக்காக நிற்பதும், ஆங்கிலம் வாசிக்கப் பிள்ளையைத் தயார்படுத்துவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. நான் முதலாவதைப் பேசினேன், இரண்டாவதைச் செய்யவில்லை.

இன்னொரு விடயம். அவளுடைய பாடங்களில் முஸ்லிம் சட்டமும் உண்டு. அதன் வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது. 1770இல் ஒல்லாந்த ஆளுநர் ஃபல்க் காலத்தில் பத்தேவியாவிலிருந்து ஒரு முஸ்லிம் சட்டத் தொகுப்பு இங்கு கொண்டுவரப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் 1806இல் முஹம்மதியச் சட்டக்கோவை வந்தது. பிறகு 1929இல் திருமண, விவாகரத்துப் பதிவுக் கட்டளைச் சட்டம், 1931இல் வாரிசுரிமைச் சட்டம், 1951இல் இன்றுள்ள 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், 1956இல் வக்பு சட்டம். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ மேசையில் உட்கார்ந்து, வாசித்து, விவாதித்து, திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

இதை வகுப்பில் படிக்கும் பெண் பிள்ளை இரண்டு விடயங்களைக் கண்டுகொள்கிறாள். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி காதி மன்றத்தில் சட்டத்தரணி கட்சிக்காரருக்காகத் தோன்ற முடியாது. காதியாக நியமிக்கப்படுபவர் ஆணாக இருக்க வேண்டும். அதாவது, அவள் படித்துப் பட்டம் பெற்றாலும், நம் ஊர்ப் பெண்கள் அதிகமாகப் போய் நிற்கும் அந்த மன்றத்தில் அவளுக்கு நிற்க இடமில்லை. இதை மாற்ற வேண்டுமா, எப்படி மாற்றுவது என்று நம்மிடையே பல கருத்துகள் இருக்கின்றன. அந்தச் சண்டையை இந்தப் பதிவின் கீழ் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்வது ஒன்றுதான். அந்தச் சட்டத்தை ஒரு பக்கமும் வாசிக்காமல் பள்ளிக்கு வெளியேயும் தேநீர்க் கடையிலும் நாம் கதைக்கிறோம். அதைப் பிரிவு பிரிவாக வாசித்துக்கொண்டிருக்கிற பிள்ளை ஒரு குளியலறைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறது. எந்தப் பக்கம் வாதாடுவதென்றாலும் வாசித்தவர்கள் நமக்குத் தேவை.

அவளுக்கு முன்னால் இன்னும் நீண்ட பாதை. முதலாம், இடை, இறுதி என்று வருடங்கள் போக வேண்டும். பிறகு ஒரு மூத்த சட்டத்தரணியிடம் ஆறு மாதம் பயிற்சி. அவருடைய கோவைகளைத் தூக்கிக்கொண்டு மன்றம் மன்றமாக நடப்பது, தவணைத் திகதி குறிப்பது, பின்வரிசையில் நின்று கேட்பது. 1862க்கு முன் சித்திலெப்பை கந்தோரில் பழகிய அதே வேலைதான், உருவம்தான் மாறியிருக்கிறது. அந்த மாதங்களில் கையில் காசு வரும் என்று நம்பியிருக்க முடியாது. வாடகையும் பஸ் காசும் மட்டும் தவறாமல் போகும். அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். நாம் பெனர் கட்டுவது நுழையும் நாளிலும் சத்தியப்பிரமாண நாளிலும். இடையில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் நாட்களுக்கு யாரும் பெனர் கட்டுவதில்லை.

வரலாற்றைத் திரும்பப் பார்த்தால் எனக்கு விளங்குவது இதுதான். நம் பிள்ளைகள் சட்டம் படிக்கப் போன வழியில் புத்தி ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. தடையாக இருந்தவை சின்னச் சின்ன அன்றாடப் பொருட்கள். ஒரு காலத்தில் பாடசாலை மீதான பயம், ஒரு காலத்தில் தொப்பி, ஒரு காலத்தில் மொழி, இன்று ஓர் அறை. ஒவ்வொரு தடவையும் வழி திறந்தது அந்தப் பிள்ளையின் பொறுமையால் மட்டுமல்ல. பக்கத்தில் யாரோ நின்றதால்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, புதுக்கடை, வாழைத்தோட்டம், மருதானை, தெமட்டகொட பக்கம் வீடுள்ள நம் ஊரவர்கள், ஒரு பெண் பிள்ளை தங்கக்கூடிய அறை இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள். இலவசம் வேண்டாம், நியாயமான வாடகை கொடுப்பாள். அவளுக்குக் கிடைத்துவிட்டாலும் சொல்லுங்கள். அடுத்த வருடமும் பிள்ளைகள் போவார்கள், பெயர்ப்பட்டியல் ஒன்று நம்மிடம் இருக்கட்டும்.

இரண்டு, வருகிற சனிக்கிழமை முதல் நம் பாடசாலையில் அஸருக்குப் பிறகு ஆங்கிலத்தில் வாசிக்கும் வகுப்பு ஒன்று தொடங்குகிறோம். இலக்கணம் இல்லை, பரீட்சை இல்லை. ஒரு பக்கத்தை எடுத்து எல்லோரும் சேர்ந்து வாசித்து விளங்கிக்கொள்வது மட்டும்தான். நானும் மாணவனாகத்தான் உட்காருவேன், என் ஆங்கிலமும் அவ்வளவுதான். சரளமாக வாசிக்கக்கூடியவர்கள், வங்கியிலோ வெளிநாட்டிலோ வேலை செய்துவிட்டு ஊரில் இருப்பவர்கள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து உதவுங்கள்.

நேற்று இரவு அவளுக்கு கோல் எடுத்தேன். அடுத்த மாதம் பரீட்சை. வருவதா இருப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. "அந்தப் பதினொரு பக்கத்தை முடிச்சிட்டேன் சேர். இப்ப அடுத்த தீர்ப்பு" என்றாள். அது எத்தனை பக்கம் என்று நான் கேட்கவில்லை.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அறை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.